விற்கப்போகும் வீட்டின் புகைபோக்கி: இடிப்பதா, மூடுவதா, சீராக்குவதா, அப்படியே விடுவதா?

பெங்களூருவில் "சிம்னியில் கோளாறு" என்று சொன்னால், கேட்பவர் எந்த வட்டாரத்தில் வளர்ந்தவர் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று அவர் நினைவுக்கு வரும். ஃபிளாட்டில் வாழ்கிறவர் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் மின்சாரப் பெட்டியை நினைப்பார். காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்து ஓட்டு வீட்டில் வளர்ந்தவருக்கோ கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் செங்கல் தூண்தான் சிம்னி. வீட்டை விற்கும் நேரத்தில் இரண்டுமே தலைவலி கொடுக்கக் கூடியவை என்றாலும், செங்கல் புகைபோக்கி கொடுக்கும் தலைவலி பெரியது. அதைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவும் பெரியது. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

எங்கள் அப்பா 1974இல் வாங்கிய காக்ஸ் டவுன் வீட்டில் அப்படிப்பட்ட புகைபோக்கிகள் இரண்டு இருந்தன. முன்கூடத்தில் குளிர்காய விறகு மூட்டும் கணப்பின் மேல் ஒன்று. பின்கட்டுச் சமையலறையில் பழைய விறகடுப்பு மேடையின் மேல் மற்றொன்று. அண்ணனும் நானும் தம்பியும் வீட்டை விற்றுவிடுவதென்று முடிவு செய்தபோது, இந்த இரண்டையும் பற்றி நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். இடித்துத் தள்ளிவிட்டு ஓடு போட்டுவிடலாம் என்றார் அண்ணன். மேலே மூடிவிட்டால் போதும் என்றார் மேஸ்திரி. பழையபடி நெருப்பு மூட்டும் நிலைக்குக் கொண்டுவந்தால் வீட்டுக்குத் தனி மதிப்பு வரும் என்றார் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவர். எதையும் தொடவேண்டாம், இப்படியே காட்டுவோம் என்றார் புரோக்கர். நால்வரில் யாரும் தெரியாமல் பேசியவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருந்த வாங்குபவர் வேறு, அவ்வளவுதான். இந்த உண்மை எங்களுக்குப் பிடிபடவே இரண்டு மாதம் ஆனது.

எந்த வழி என்று தீர்மானிப்பதற்கு முன்னால், புகைபோக்கிக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1809இல் பிரிட்டிஷார் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மாற்றி இங்கே கண்டோன்மெண்ட் அமைத்த பிறகு வந்த பங்களாக்களில் கணப்பு இருந்ததற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் கற்சுவர் வீட்டுக்குள் கை விறைக்கத்தான் செய்யும். 1898இல் பிளேக் நோய் தாக்கிய பிறகு உருவான புதிய குடியிருப்புகளிலும் அந்தக் கட்டுமான வழக்கம் தொடர்ந்தது. ஆனால் இன்று மிச்சமிருக்கும் புகைபோக்கிகளில் பெரும்பாலானவை பல்லாண்டுகளாகப் புகையைக் கண்டதே இல்லை. கெரோசின் வந்ததும் சமையலறைப் புகைபோக்கி ஓய்ந்தது. மின்சார ஹீட்டர் வந்ததும் கூடத்துப் புகைபோக்கி ஓய்ந்தது.

இதனால், மேல்நாட்டார் எழுதும் புகைபோக்கிக் குறிப்புகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே முதல் கவலை நெருப்பு. ஈர விறகு எரியும்போது எழும் ஆவி, குளிர்ந்த உட்சுவரில் படிந்து, தார் போன்ற கரும்பிசினாக இறுகும். கிரியோசோட் எனப்படும் அந்தப் பிசின் 3 மில்லிமீட்டர் தடிமன் சேர்ந்தாலே சுரண்டி எடுத்தாக வேண்டும், இல்லையேல் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும் என்று எச்சரிப்பார்கள். இரண்டாவது கவலை பனி. செங்கல்லில் ஊறிய நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். பெங்களூருவில் நீர் உறைவதில்லை; கிரியோசோட் கவலையும் இன்னமும் விறகு எரிக்கும் சில வீடுகளுக்கு மட்டுமே உரியது. இங்கே புகைபோக்கியைக் கொல்பவை இரண்டு: மழை, அரசமரம்.

அரசமரம் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரசம்பழமும் ஆலம்பழமும் தின்ற பறவை புகைபோக்கியின் உச்சியில் வந்து உட்காரும். எச்சத்தில் உள்ள விதை, காரை விரிசலில் முளைக்கும். எங்கள் கூடத்துப் புகைபோக்கியைக் கீழேயிருந்து பார்த்தால் உச்சியில் நான்கு இலைகள் மட்டுமே தெரிந்தன. சாரம் கட்டி மேலே ஏறிய மேஸ்திரி அதைப் பிடித்து இழுத்தபோது, செங்கல் வரிசைகளுக்கு நடுவே சுண்டுவிரல் தடிமனில் ஆறடி நீளத்துக்கு வேர் கீழிறங்கியிருந்தது. மேலே வெட்டிவிட்டால் இந்த வேர் சாவதில்லை. அடுத்த மழைக்கு இரண்டு தளிராக வரும். ஆகவே, விற்பதற்கு முந்தைய வாரம் செடியை ஒடித்துப் போட்டுவிட்டு வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு வருவதில் பொருளில்லை.

சோதனையைக் கீழேயிருந்து தொடங்குவது எளிது. கணப்புக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, டார்ச்சை மேல்நோக்கி அடித்தால் உட்குழாய் கண்ணாடியில் தெரியும். உச்சியில் ஒரு சதுர வானம் தெரிந்தால் குழாய் திறந்திருக்கிறது. எங்கள் சமையலறைக் குழாயில் வானம் தெரியவில்லை. சுள்ளிகளும் சணல் நாரும் பாலித்தீன் துண்டுகளுமாக ஒரு பெரிய கூடு அடைத்திருந்தது. பல வீடுகளில் தேன்கூடு இருக்கும். அது தெரியாமல் கீழே நெருப்பு மூட்டிப் பார்ப்பது ஆபத்தான சோதனை. பல்லாண்டுகளாகப் பயன்படாத குழாயில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், "புகை இழுக்கிறதா பார்ப்போம்" என்று காகிதம் கொளுத்தவே கூடாது.

அடுத்தது பரண். புகைபோக்கி பரண் வழியாகச் செல்லும் இடத்தில் காரை உதிர்ந்து செங்கல் இடுக்குகள் திறந்திருக்கின்றனவா, மர உத்தரமோ கைமரமோ செங்கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா, அங்கே மரம் கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருகிய மரம், அந்தக் குழாய் ஒருகாலத்தில் கசிந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. பிறகு வெளியே வந்து, தூக்குக்குண்டு பிடித்துத் தூண் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரைக்கு மேலே நிற்கும் பகுதி நாலாபுறமும் வெயிலையும் மழையையும் வாங்குவது. மேற்குப் பக்கக் காரை முதலில் கரைவதும் தூண் ஒருபக்கமாகச் சாய்வதும் பழைய கட்டடங்களில் வழக்கமான காட்சி. செங்கல் முகம் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்திருந்தால், அங்கே யாரோ சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். வெளியேற வழியற்ற ஈரம் மென்மையான பழைய செங்கல்லையே உடைத்துக்கொண்டு வரும். நல்லெண்ணத்தோடு செய்த மராமத்தே நோயாக மாறும் இடம் இது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கூரையும் புகைபோக்கியும் சந்திக்கும் விளிம்பு. சாய்வான ஓட்டுக்கூரையில் வழிந்து வரும் மழைநீர் புகைபோக்கியின் மேற்பக்கத்தில் முட்டி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓட வேண்டும். அந்த விளிம்பில் துத்தநாகத் தகடு மடித்து, அதன் மேல் நுனியைச் செங்கல் இடுக்கில் செருகியிருப்பார்கள். தகடு அரித்துப்போயிருந்தாலும், தகட்டுக்குப் பதிலாக வெறும் சிமெண்டை வாரிப் பூசியிருந்தாலும், அங்கே ஒரு மயிரிழை விரிசல் போதும். மே மாதக் கோடைமழையில் கசியத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் சுவர் முழுக்க இறங்கிவிடும்.

இந்த இடத்தில் எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கூடத்துக் கணப்புக்கு மேலே, விட்டத்துக்கு ஒரு முழம் கீழே, டீ சிந்தியதுபோல் பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருந்தது. ஆகஸ்டில் வீட்டைக் காட்டத் தொடங்கும் முன் இரண்டு கோட்டுப் பெயிண்ட் அடித்து மறைத்தோம். முதல் முறை வந்த தம்பதிக்கு வீடு பிடித்திருந்தது. பெரியவர்களோடு இரண்டாம் முறை வந்தது அக்டோபர் முதல் வாரம். அதற்கு முந்தைய மூன்று இரவும் மழை. கறை பழைய இடத்திலேயே, பழைய வடிவத்திலேயே, ஓரங்களில் உப்புப் பூத்து, முன்னைவிடப் பெரிதாக நின்றது. அந்தப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. சுண்டுவிரலால் கறையைத் தொட்டுப் பார்த்தார், அடுத்த சுவரைத் தொட்டுப் பார்த்தார், காபி வேண்டாம் என்றார். அவர்கள் மறுபடி அழைக்கவில்லை. கறை இருந்ததால் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. மறைத்தது தெரிந்ததால் போனார்கள். இப்படிப்பட்ட கறை வெறும் மழைநீரால் மட்டும் வருவதன்று. பழைய புகைக்கரியில் உள்ள உப்புகள் செங்கல் வழியே பூச்சுக்கு வந்து, காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். கசிவை நிறுத்தி, உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, மறுபடி பூசினால் மட்டுமே போகும்.

விறகு இன்னும் மூட்டுகிற வீடாக இருந்தால் பார்க்க வேண்டியது மேலும் ஒன்று உண்டு: புகை மேலே போகிறதா, கூடத்துக்குள் திரும்புகிறதா என்பது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடித் தொலைவுக்குள் உள்ள எதைக் காட்டிலும் 2 அடி கூடுதல் உயரமும் வேண்டும் என்பது அமெரிக்க விதி. பெங்களூருவில் இந்தக் கணக்கு வீட்டுக்காரர் கையை மீறிப் போய்விட்டது. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பியதும், அதில் மோதும் காற்று கீழ்நோக்கித் திரும்பிப் புகையைக் குழாய்க்குள்ளேயே தள்ளும். குழாயில் குற்றமே இருக்காது. ஆனாலும் கூடம் புகையும். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரை எடுக்கும். அமெரிக்காவில் தீப்பாதுகாப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 211, வீடு கைமாறும்போது பரண் முதல் உட்குழாய் வரை கேமரா விட்டுப் பார்க்கும் இரண்டாம் நிலைச் சோதனையைப் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் வீடு விற்கும் வழக்கத்தில் அப்படி ஒரு படி கிடையாது. வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் சுவர் விரிசலைக் குறித்துக்கொள்வார்; கூரைமேல் ஏறமாட்டார். நாமாகப் பார்த்தால்தான் உண்டு.

அண்ணன் சொன்னது: இடிப்பது

கேட்கும்போது எளிதாக இருக்கும் வழி இது. தூண் போனால் கசிவும் போய்விடும், செடியும் போய்விடும், கேள்வியும் போய்விடும் என்று தோன்றும். நடைமுறையில் நான்கு வழிகளிலும் நான் கடைசியாகத் தேர்வது இதைத்தான்.

புகைபோக்கி தனித் தூண் அன்று. சுவரோடு கட்டிக் கோக்கப்பட்டது. கூரைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் எடுத்தால் கூரையில் இரண்டடிக்கு மூன்றடி ஓட்டை விழும். அதற்குச் சட்டம் அடித்து, ரீப்பர் சேர்த்து, பழைய ஓட்டுக்குப் பொருந்தும் ஓடு தேட வேண்டும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிவைத்த அந்த ஓட்டுத் தொழிலில் எத்தனையோ ஆலைகள் மூடிவிட்டன; ஒரே அச்சில் வார்த்த ஓடு வேண்டுமானால் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில்தான் தேட வேண்டும். பொருந்தாத ஓட்டை வைத்தால் புதிய கசிவு ஒன்றை நாமே உருவாக்கியவர்களாவோம். அதைவிட மோசமானது, இடம் கிடைக்குமென்று கூடத்துக்குள் இருக்கும் கணப்புப் பகுதியை மட்டும் இடித்து, பரணிலும் கூரைமேலும் உள்ள தூணை அப்படியே விடுவது. டன் கணக்கான செங்கல் அந்தரத்தில் நிற்கும். இப்படிச் செய்த வீட்டை வாங்குபவரின் இன்ஜினியர் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு விலைப்பேச்சு அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடக்கும்.

தூண் கண்ணுக்குத் தெரியச் சாய்ந்து, பக்கத்து வீட்டின் மேலோ நடைபாதையின் மேலோ விழும் நிலையில் இருந்தால் மட்டும் இடிப்பதுதான் சரி. அப்போதும் கூரை மட்டம் வரை வரிசை வரிசையாகக் கையால் பிரித்து இறக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது. பிரித்த செங்கல்லை அடுக்கி வைத்தால் பழைய செங்கல்லுக்கு ஆள் வருவார்கள் என்பது ஒரு சிறு ஆறுதல்.

ஆர்க்கிடெக்ட் சொன்னது: முழுமையாகச் சீராக்குவது

இதன் அழகை நான் மறுக்கவில்லை. சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பி, உடைந்த செங்கல்லை மாற்றி, உச்சிக் காரையை நீர் வழியும் சாய்வோடு புதிதாக வார்த்து, விளிம்புத் தகட்டை மாற்றி, உட்குழாயைச் சுரண்டி, தேவைப்பட்டால் உள்ளே எஃகுக் குழாய் இறக்கி, கணப்பில் ஒரு நெருப்பு மூட்டி வாங்குபவரை அதன் முன் உட்காரவைத்தால், வேறெந்த வீடும் அவர் மனத்தில் நிற்காது. உண்மைதான்.

ஆனால் மூன்று தடைகள் உண்டு. சுண்ணாம்பில் பழகிய கை இன்று அரிது. சாதாரணக் கொத்தனார் பழக்கதோஷத்தில் கலவையில் சிமெண்டைச் சேர்த்துவிடுவார், அதோடு செய்த வேலையெல்லாம் வீண். காலமும் வேண்டும். சுண்ணாம்புக் காரை இறுக வாரக்கணக்காகும். அடைமழையில் கரையும், கடுவெயிலில் வெடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வசதியான காலம். செப்டம்பரில் விற்கத் தொடங்குபவருக்கு இது ஒத்துவராது. மூன்றாவதுதான் பெரிய தடை: பணம் திரும்பி வருமா என்பது. இந்த வட்டாரத்தில் ஓட்டு வீடு கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது வீட்டையல்ல, சைட்டை, அதாவது மனையை. அளவு, முகப்பு அகலம், சாலை அகலம், காத்தா எனப்படும் நகராட்சிச் சொத்துப் பதிவு ஆகியவற்றைக் கேட்டுவிட்டுக் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலை சொல்பவருக்கு நாம் சீராக்கிய கணப்பு, இடிப்புச் செலவில் ஒரு வரி.

பழைய வீட்டில் குடியிருக்கவோ, அதை உணவகமாகவோ தங்குமிடமாகவோ நடத்தவோ விரும்பி, முன்பணமும் கொடுத்துவிட்ட ஒருவர் கேட்டால் மட்டும், அவரோடு பேசி, அவர் கண்காணிப்பில் இதைச் செய்யலாம். யார் வாங்குவார் என்று தெரியாமல் நம் கைப்பணத்தில் செய்வது ஆசைக்குச் செய்வதாகவே முடியும். பாதிச் சீராக்கம் அதைவிடக் கெடுதல்: வெளியே பளபளப்பாகப் பூசிவிட்டு உட்குழாயைத் தொடாமல் விட்டால், வாங்குபவர் அது எரியும் என்று நம்பி மூட்டிவிடுவார்.

மேஸ்திரி சொன்னது: மூடுவது

நாங்கள் தேர்ந்தது இந்த வழியைத்தான், ஆனால் மேஸ்திரி முதலில் சொன்ன முறையில் அல்ல. உச்சியில் ஒரு கடப்பாக்கல்லை வைத்துச் சிமெண்டால் அடைத்து, கீழே கணப்பின் வாயைச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம் என்றார் அவர். அப்படி இரண்டு முனையும் அடைபட்ட குழாய்க்குள் காற்று ஓடாது. செங்கல்லில் ஏற்கெனவே உள்ள ஈரம் உள்ளேயே தங்கி, கரியின் உப்பைக் கரைத்துக்கொண்டு உட்சுவர் வழியே வரும். மழை நின்றும் கறை நிற்காது. மூடவும் வேண்டும், மூச்சுவிடவும் வேண்டும். உச்சிக்கல்லை நான்கு மூலையிலும் செங்கல் நிறுத்தி நான்கங்குலம் உயர்த்தி வைத்து, இடைவெளியில் பறவை நுழையாதபடி கம்பிவலை அடித்தோம். கீழே கணப்பின் வாயை அடைத்த பலகையில் காற்றுத் துளைகள் உள்ள ஒரு சிறு ஜாலித் தட்டி வைத்தோம். குழாய்க்குள் காற்று கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது. மழை மட்டும் இறங்குவதில்லை.

இதோடு கூரை விளிம்புத் தகட்டையும் மாற்றினோம். கூரை நிற்கப்போகும் வீட்டில் எந்த வழியைத் தேர்ந்தாலும் தவிர்க்கக் கூடாத வேலை அது ஒன்றே. அரசமர வேர் இருந்த செங்கல் வரிசைகளைப் பிரித்து, வேரை முழுவதும் எடுத்துவிட்டு, மறுபடி கட்டினோம். சாரம் கட்டியது முதல் பிரித்தது வரை ஆறு நாள். முழுச் சீராக்கத்துக்கு ஆர்க்கிடெக்ட் போட்ட மதிப்பீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் செலவு. பின்னால் வருபவர் விரும்பினால் கல்லை எடுத்துவிட்டுக் கணப்பை உயிர்ப்பித்துக்கொள்ளலாம். திரும்பிப் போகும் வழியை அடைக்காதது இந்த முறையின் பெரிய சிறப்பு; இடித்ததைத் திரும்பக் கட்ட யாரும் வரப்போவதில்லை.

குறை ஒன்று உண்டு. மூடிய கணப்பு பார்ப்பதற்குக் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். நாங்கள் அதன் முன் அப்பாவின் பித்தளை அண்டாவை வைத்துச் சமாளித்தோம்.

புரோக்கர் சொன்னது: அப்படியே விற்பது

வாங்குபவர் வீட்டை இடிக்கத்தான் போகிறார் என்பது உறுதியானால் புரோக்கர் சொன்னதே சரி. நாளை புல்டோசர் ஏறப்போகும் கூரைக்கு இன்று தகடு மாற்றுவது வீண் செலவு. ஆனால் "அப்படியே" என்ற சொல்லைப் பலர் "சொல்லாமலே" என்று புரிந்துகொள்கிறார்கள். சட்டம் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்பவர் அறிந்திருந்து, வாங்குபவர் அறியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவாக இருந்தாலும் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அது குறிப்பிடுகிறது. சாய்ந்த தூண் கண்ணுக்குத் தெரியும். குழாயின் உள்ளே விரிந்த செங்கல்லோ, பெயிண்டுக்குப் பின்னால் இருக்கும் கறையோ தெரியாது. நாங்கள் ஆகஸ்டில் அடித்த இரண்டு கோட்டுப் பெயிண்டை இந்தப் பிரிவின் வெளிச்சத்தில் நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்படியே விற்பதில் விலைக்கழிவு ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டும். மராமத்து மதிப்பீடு நம் கையில் இல்லையென்றால், வாங்குபவர்கள் தோராயமாகச் சொல்லும் தொகைதான் பேச்சின் தொடக்கம். அது எப்போதும் உண்மைச் செலவைவிடப் பெரிதாக இருக்கும். சரிசெய்யாவிட்டாலும், ஒரு மேஸ்திரியிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி வைத்துக்கொள்வது கழிவை அந்தத் தொகைக்குள் நிறுத்தும்.

ஆக என் வரிசை இது: மனையாக விற்கும் வீட்டுக்கு, உண்மையைச் சொல்லி அப்படியே விற்பது. வாங்குபவர் யாரென்று தெரியாத வீட்டுக்கு, காற்றோட்டத்தோடு மூடி விளிம்பைச் சரிசெய்வது. பழைய வீடே வேண்டுமென்று வந்தவருக்கு, அவரோடு சேர்ந்து சீராக்குவது. விழப்போகும் தூணுக்கு மட்டும் இடிப்பு.

ஃபிளாட்டுக்காரர்களுக்கு

மின்சார சிம்னியில் தேர்வு எளிது: கழுவி அப்படியே விட்டுவிடுவதா, புதிதாக மாட்டிக் கொடுப்பதா, கழற்றிக்கொண்டு போவதா என்பதுதான். என் நாத்தனார் மாரத்தஹள்ளி ஃபிளாட்டை விற்றபோது, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவதாக முதலில் இருந்தார். கழற்றிப் பார்த்தால் பின்சுவரில் பத்தாண்டுப் பிசுக்கு கருஞ்சதுரமாக இருந்தது. டைல்ஸில் ஆணித் துளைகள், ஆறங்குல ஓட்டை ஒன்று. மறுபடி அதே இடத்தில் மாட்டினார்கள். பெட்டியின் பழைய விலை பெரிதன்று. அது விட்டுச்செல்லும் சுவர்தான் பெரிது. மிக விலையுயர்ந்ததாகவோ மிகப் புதியதாகவோ இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போவதே மேல் என்பது என் கருத்து.

விட்டுவிடுவதானால் வேலை செய்யும் நிலையில் விட வேண்டும். காகிதத்தை ஃபில்டரில் ஒட்டிப் பார்க்கும் சோதனையைக் கடைக்காரர்கள் காட்டுவார்கள்; அதைவிட நம்பகமானது நம் வீட்டுச் சோதனை. எண்ணெய் காய்ச்சி நான்கு வரமிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும்போது கூடத்தில் இருப்பவர் தும்மினால் இழுப்பு போதவில்லை. காரணம் பெரும்பாலும் மோட்டாராக இருக்காது. பேஃபிள் ஃபில்டர் தகடுகளில் பிசுக்கு இறுகியிருக்கும். வெந்நீரில் சலவைச் சோடா கலந்து ஊறவைத்தால் விட்டுவிடும். தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வகையானால், உருகி வடியும் எண்ணெய் சேரும் கிண்ணத்தை யாரும் கழற்றியே இருக்கமாட்டார்கள். வெளியே போகும் குழாய் பெட்டியருகே ஆறங்குலமாகத் தொடங்கி, வழியில் நான்கங்குலமாகக் குறுகி, மூன்று முறை வளைந்து போயிருக்கும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைத் தின்னும். குழாயே இல்லாமல் கரி ஃபில்டர் வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகையில், அந்த ஃபில்டரைக் கழுவி ஒப்பேற்ற முடியாது. புதிது போட வேண்டும்.

மாடியடுக்குக் கட்டடத்தில் எல்லார் குழாயும் ஒரே ஷாஃப்டுக்குள் திறந்தால், கீழ்வீட்டு மீன்குழம்பு நம் அடுப்பங்கரையில் மணக்கும். பெட்டிக்கும் குழாய்க்கும் இடையில் ஒருவழி மடல் ஒன்று உண்டு. அது பிசுக்கில் ஒட்டித் திறந்தபடி நின்றிருக்கும். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய குறை ஒன்றுண்டு: குழாய்க்காக மிஷின் வைத்துத் துளைத்த ஓட்டை, செங்கல் சுவரில் இல்லாமல் கான்கிரீட் பீமில் விழுந்திருப்பது. இன்டீரியர் வேலைக்கு வருபவர்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்துவிடும் என்று இதைச் செய்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் கட்டட இன்ஜினியர் ஒருவரிடம் காட்டாமல் விற்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் வரும் கட்டமைப்புக் குறைக்கு பில்டரைப் பொறுப்பாக்கும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமும், நாமே போட்ட ஓட்டைக்கு உதவிக்கு வராது.

அக்ரிமெண்டில் எழுத வேண்டியது

சொத்து மாற்றச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, வேறாக எழுதியிருந்தாலன்றி, வீட்டை விற்கும்போது அதோடு நிலையாகப் பயன்பட வைத்த பொருள்களும் சேர்ந்து போகும்; கதவு, ஜன்னல், பூட்டு, சாவி என்று அது எடுத்துக்காட்டுச் சொல்கிறது. மின்சார சிம்னி அந்த வரிசையில் சேருமா என்று பிறகு வாதாடுவதைவிட, "சமையலறை சிம்னி சேர்த்து" என்றோ "நீங்கலாக" என்றோ இரண்டு சொல்லில் எழுதிவிடலாம். செங்கல் புகைபோக்கிக்கு இன்னும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் தேதியோடு இணைப்பதும் நல்லது.

எங்கள் வீட்டை ஜனவரியில் வாங்கியவர்கள் ஒரு பல் மருத்துவரும் அவருடைய மனைவியும். முன்கூடம் கிளினிக்காகிறது, கூரை அப்படியே இருக்கும் என்றார்கள். அக்ரிமெண்டில் வக்கீல் எழுதிய வரி இது: "முன்கூடத்திலும் பின்கட்டுச் சமையலறையிலும் உள்ள இரண்டு புகைபோக்கிகளும் உச்சியில் காற்றோட்டத்துடன் மூடப்பட்டுள்ளன, உட்குழாய் சோதிக்கப்படவில்லை, தற்போதைய நிலையில் நெருப்பு மூட்டத் தகுதியற்றவை, கூடத்துச் சுவரில் முன்பு இருந்த நீர்க்கறையை வாங்குபவருக்குச் சொல்லியிருக்கிறோம்." வாங்கியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: கறை எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். தம்பி டேப் பிடித்து அளந்தான். தரையிலிருந்து 2.7 மீட்டர்.